இரண்டாவது ஆர்விட்

என்னைவிட என் பக்கத்து இருக்கைதான் நல்ல பயணி என்று அந்த விமான நிறுவனம் முடிவு செய்த நாளில், நான் கையில் ஒரு பை நிறைய உருளைக்கிழங்கு ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். அவர்கள் அனுப்புவதில் அது ஒன்றுதான் தாமதமில்லாமல் வந்து சேரும்.

நான் பருத்த ஆள். சுற்றி வளைப்பானேன்? 'கொஞ்சம் பூசினாற்போல' என்று நாகரிகமாகச் சொல்லும் எல்லையைப் பள்ளிக்கூடத்திலேயே தாண்டிவிட்டேன். மினசோட்டாவின் வட மூலையில், பெமிட்ஜியில், பனி வாரும் லாரி ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் ஊரே நம்பியிருப்பது என்னைத்தான். அந்த லாரியின் இருக்கை என்னைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் சொன்னதில்லை.

எங்கே போனாலும் முதலில் மனிதர்களைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. நான் முதலில் நாற்காலிகளைப் பார்ப்பவன். கை வைத்த நாற்காலியா, இல்லாததா, கால்கள் தாங்குமா, உட்கார்ந்தால் எழ முடியுமா. இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு வணக்கம் சொல்வேன். எனக்காக நாற்காலி பார்த்த இன்னொரு ஜீவன் உலகத்தில் உண்டென்றால் அது என் அண்ணன் லென்னார்ட். அவன் எனக்கு நேர்மாறு, குச்சி. நுரையீரல் கெட்டுப்போய், வெயில் நல்லது என்று தெற்கே பாலைவன ஊரான டூசானுக்குக் குடிபோனவன். வெயிலும் ஒன்றும் செய்ய முடியாமல் இப்போது கடைசி நாட்களுக்கான ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"டேய் ஆர்விட், டாக்டரம்மா இந்த வாரம்தான்ங்குறா. எப்படா வர்ற?" என்றான் போனில்.

"ரோட்டு வழியா வந்தா ரெண்டு நாளுக்கு மேல ஆகும். ஃப்ளைட்லதான் வரணும்."

"ஃப்ளைட்லயா? நீ ஏறினா அது கிளம்புமாடா?" சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. "இங்க இருக்கிற நாற்காலி எல்லாம் கை வெச்சது. உனக்குத் தொடையில குத்தும். அதனால கை இல்லாததா, அகலமா ஒண்ணு கேட்டுச் சண்டை போட்டு வாங்கி, கட்டில் பக்கத்துல போட்டு வெச்சிருக்கேன். வேற யாரையும் உக்கார விடல. நீ வந்து உக்காரு, போதும்."

"வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

விமான நிறுவனத்தின் விதிப்படி என்னைப் போன்றவர்கள் 'இடம் மிகுந்த வாடிக்கையாளர்கள்'. பக்கத்து இருக்கையையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். வாங்கிக்கொள்கிறேன், பக்கத்தில் இருப்பவர் மேல் வழியாமல் போய்ச் சேர்ந்தால் எனக்கும் நிம்மதிதான். போனில் ஒரு பெண் பதிவு செய்தாள்.

"ரெண்டாவது சீட்டுக்குப் பேர் வேணும் சார்."

"அதுல யாரும் வர மாட்டாங்கம்மா. அதுவும் நான்தான்."

"பேர் இல்லாம கம்ப்யூட்டர் விடாது சார். என்ன பேர் போடட்டும்?"

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி என்னைக் கவிழ்த்தது. எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சிரமம் கொடுப்பதில்லை. காப்பி வேண்டுமா என்றால் இரண்டு தரம் வேண்டாம் என்போம், மூன்றாம் தரம் 'அரைக் கோப்பை' என்போம். எங்கள் காலை மிதித்தவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்போம். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கத்தியிருப்பான். நான் சொன்னேன்:

"உங்களுக்கு எது சிரமம் இல்லையோ, அப்படியே போட்டுக்கோங்கம்மா."

அவளுக்குச் சிரமம் இல்லாதது, என் பெயரையே இன்னொரு தரம் அடிப்பது. என் பிறந்த தேதியையும் முகவரியையும் மறுபடி அடித்தாள். கடைசியில், "எடை?" என்றாள்.

"காலி சீட்டும்மா."

"அப்ப பூஜ்யம்" என்று ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டாவது ஆர்விட் அப்படித்தான் பிறந்தான்.

மினியாபொலிஸ் விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனைக்குக் கழற்றிய காலணியை நான் மாட்டி நிமிர்வதற்குள் ஒலிபெருக்கி முழங்கியது. "பயணி ஆர்விட் டோலஃப்சன் அவர்களின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் காக்கும் பொருட்டு, அவர் உடல் அகலச் சோதனைக்கு உடனடியாக வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்." அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பி, யார் அந்த டோலஃப்சன் என்று தேடினார்கள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

சோதனை செய்பவர் கோர்லிஸ் ப்ரூயிட் என்ற அம்மாள். மார்பில் 'கண்ணிய அதிகாரி' என்று பட்டை. விமானத்து இருக்கை ஒன்றைப் பெயர்த்து வந்து நடைவழியில் வைத்து, சுற்றிலும் ஒரு திரை கட்டியிருந்தார்கள்.

"நான்தான் ரெண்டு சீட்டு வாங்கிட்டேனே அம்மா. இன்னும் எதுக்குச் சோதனை?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் சார் சோதனை. ரெண்டு சீட்டு வாங்குறவங்க உண்மையிலேயே பெரியவங்கதானான்னு நாங்க உறுதி பண்ணிக்கணும். சில பேர் வசதிக்காக வாங்கிடுறாங்க. வசதிங்கிறது எங்க கொள்கைக்கே விரோதம்."

நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. திரையை இழுத்தார்கள், அது என் முட்டி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. குழந்தைகள் குனிந்து பார்த்தன. போன தடவை பயணம் செய்தபோது இருக்கை இத்தனை ஒடுக்கமாக இல்லையே என்று மெல்லச் சொன்னேன்.

"நாங்க ஒரு அங்குலம்கூடக் குறைக்கல சார்" என்றார் அந்த அம்மாள், புண்பட்ட குரலில். "இருக்கிற அங்குலத்தை இன்னும் நிறையப் பேரோட பகிர்ந்துக்கிறோம். அது ஒரு சமூக சேவை." பிறகு என் இரு பக்கமும் உற்றுப் பார்த்து, முகம் மலர்ந்து கையை நீட்டினார். "வாழ்த்துகள் சார்! நீங்க பொருந்தல."

நன்றி சொல்லி எழுந்தேன். எழுந்ததும், "அடுத்து ரெண்டாவது பயணி" என்றார்.

"அது காலி சீட்டும்மா. ஆள் கிடையாது."

"பேர் இருக்கே சார். பேர் இருக்கிற எல்லாரையும் நாங்க ஒரே மாதிரிதான் நடத்துவோம். பாரபட்சம் பார்க்க மாட்டோம்."

காலி நாற்காலிக்கு முன்னால் திரையை இழுத்தார். இந்தத் தடவை அது முழுசாக மூடிக்கொண்டது. மணிக்கட்டைப் பார்த்தபடி எனக்குக் கொடுத்த அதே அவகாசத்தைக் கொடுத்தார். கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தார். திரையை விலக்கியபோது இருக்கையின் மெத்தை மெல்ல, ஆள் எழுந்த பிறகு எழுவதுபோல, மேலே வந்துகொண்டிருந்தது. சற்று முன் நான் உட்கார்ந்த மெத்தைதான், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் முதுகில் ஏதோ ஊர்ந்தது.

"அற்புதம்! என்ன அழகா பொருந்துறார்!" என்றார் கோர்லிஸ் அம்மாள். காலி நாற்காலியைப் பார்த்து அவர் முகத்தில் வந்த கனிவு, என்னைப் பார்த்து வரவேயில்லை.

விமானத்துக்குள் போகும் வாசலில் இரண்டு அட்டைகளையும் இயந்திரத்தில் காட்டினேன். என்னுடையதற்குச் சிவப்பு விளக்கு எரிந்து, ஆள் வந்து சரி செய்து, உள்ளே விட்டார்கள். அவனுடையதற்குப் பச்சை. 'நல்வரவு, ஆர்விட்' என்று திரையில் எழுத்து ஓடியது. வாசலில் நின்ற பெண், எனக்குப் பின்னால் சற்று உயரமாகப் பார்த்து, "நல்வரவு சார், இந்தப் பக்கம்" என்றாள். திரும்பிப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை.

விமானத்தின் நடுப்பாதையில் நடப்பது என் போன்றவர்களுக்கு ஒரு தனி அனுபவம். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் திடீரென்று ஜன்னல் பிடித்துப்போகும். 'கடவுளே, இங்கே வேண்டாம்' என்ற பிரார்த்தனை ஒவ்வொரு வரிசையிலும் கேட்கும். அவர்களைக் கடந்து போனதும் பெருமூச்சும் கேட்கும். ஒரு பத்து வரிசைக்குப் பிறகு, நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அன்றைக்கு அது வழக்கத்தைவிட அதிகமாக வந்தது.

என் வரிசையைக் கண்டுபிடித்து, நடுவில் இருந்த கைப்பிடியைத் தூக்கிவிட்டு, ரொட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடுப்புப் பட்டையை நீட்டிக்கும் துண்டு வேண்டும் என்று பணிப்பெண்ணிடம் கிசுகிசுத்தேன். அவள் முன்னாலிருந்து அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "நீளப் பட்டை கேட்டவர் யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். போகட்டும். மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைக் கொஞ்சம் பிரியத்தோடு பார்த்தேன். இன்றைக்குச் சாயங்காலம் லென்னார்ட் பக்கத்தில் இருப்பேன்.

அப்போது தோள்பையோடு ஒருவர் வந்து நின்றார். "மன்னிக்கணும், இது என் சீட்டு."

"இது என்னோட ரெண்டாவது சீட்டுங்க" என்றேன். அவர் அட்டையைக் காட்டினார். அதில் இருந்தது அந்த இருக்கைதான். பணிப்பெண் வந்தாள், கையடக்கக் கருவியைப் பார்த்தாள், சிரித்தாள்.

"உங்ககூட வந்த மிஸ்டர் டோலஃப்சனை முன்னாடி, முதல் வகுப்புக்கு மாத்தியிருக்கோம் சார். இந்த இடத்தைக் காத்திருந்தவருக்குக் கொடுத்தாச்சு."

"என்கூட யாருமே வரலயேம்மா!"

இந்தக் கட்டத்தில் மேற்பார்வையாளர் கார்த் வாண்டவீர் வந்து சேர்ந்தார். கழுத்துப் பட்டையில் தங்க நிறத்தில் ஒரு குட்டி விமானம் குத்தியிருந்தது. என் பக்கத்தில் குந்தி, ஆஸ்பத்திரியில் சேதி சொல்லும் குரலில் பேசினார்.

"சார், இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. எங்க கம்ப்யூட்டர் நல்ல பயணிகளைத் தானே கண்டுபிடிச்சு முன்வரிசைக்கு அனுப்பும். ரெண்டாவது மிஸ்டர் டோலஃப்சன் மாதிரி ஒரு வாடிக்கையாளரை நான் இந்த வேலையில பார்த்ததே இல்ல. எடை பூஜ்யம். பெட்டி இல்ல. தண்ணி கேட்கல, கழிவறைக்குப் போகல, கேள்வி கேட்கல. முழுக் கட்டணம் கட்டியிருக்கார். எல்லாப் பயணிகளும் அவரை மாதிரி இருந்தா, சத்தியமாச் சொல்றேன், நாங்க எவ்வளவு நல்லா சேவை செய்வோம்!"

"சரிங்க, அவர் முன்னாடியே இருக்கட்டும். நான் இங்க இருக்கேன்."

"அங்கதான் சிக்கல். உங்க கையில இப்ப ஒரு சீட்டுதான் இருக்கு. ஒரு சீட்டுக்கு நீங்க பொருந்த மாட்டீங்கன்னு நாங்களே சோதிச்சு, வாழ்த்தும் சொல்லியிருக்கோம். நீங்க இறங்கணும்."

"அப்ப என்னை அந்த முன்வரிசை சீட்டுல உக்கார வையுங்க. அது என் பேர்லதானே இருக்கு? அகலமாவும் இருக்கும்."

அவர் அதிர்ந்துபோனார். "இன்னொருத்தர் சீட்டுலயா சார்?"

"அந்த இன்னொருத்தரும் நான்தாங்க!" எங்கள் ஊருக்கே அடுக்காத குரலில் சொல்லிவிட்டேன். "என் அண்ணன் சாகக் கிடக்கான். எனக்காக நாற்காலி போட்டு வெச்சிட்டுக் காத்திருக்கான். அங்க நான் போயாகணும்."

வாண்டவீர் என் முழங்கையில் கை வைத்தார். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் தேங்கியது. அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"உங்க வேதனை எங்களுக்குப் புரியுது சார். அதனாலதான் சொல்றேன். டோலஃப்சன் குடும்பத்துல ஒருத்தராவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டுமே. நீங்க பிடிவாதம் பிடிச்சா அவருக்கும் தாமதமாகும்."

எனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். தோள்பைக்காரர் தரையைப் பார்த்தார். நான் கத்தியிருக்க வேண்டும். இருக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போலீஸ் வந்து இழுக்கட்டும் என்று கிடந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "பரவாயில்லை." அந்த வார்த்தை நாசமாய்ப் போக.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். விமானம் நகர ஆரம்பித்தது. முன்வரிசையில் இரண்டாவது ஜன்னலில் பணிப்பெண் குனிந்து, தட்டிலிருந்து ஆரஞ்சுச் சாறு எடுத்து யாரிடமோ நீட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டாள். பதில் கேட்டவள்போல் தலையை ஆட்டினாள். பிறகு சிரித்தாள். வேலைக்காகச் சிரிக்கும் சிரிப்பு அல்ல அது. விமானம் திரும்பியதும் ஜன்னலில் வெயில் பட்டு ஒன்றும் தெரியாமல் போனது.

கோர்லிஸ் அம்மாளிடம் ஓடினேன். ஓடினேன் என்பதும் மரியாதைக்குத்தான். அண்ணன் டூசான் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறான், அடுத்த விமானத்தில் இரண்டு இருக்கை கொடுங்கள் என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"உங்களுது ஜோடி டிக்கெட் சார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும். அவர் போயிட்டாரே."

"அதனால?"

"அவர் திரும்பி வந்த பிறகுதான் நீங்க போக முடியும். வெள்ளிக்கிழமை வர்றார்." பிறகு ரகசியம் சொல்வதுபோல் சாய்ந்து, "கவலைப்படாதீங்க. முதல் வகுப்புக்காரங்களுக்கு அங்க கார் வரும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்க. நம்ம பயணிகளை நடக்க விட மாட்டோம்" என்றார்.

லென்னார்டைக் கூப்பிட்டேன். நர்ஸ் மரிசேலா எடுத்தார். அவன் தூங்குகிறான் என்றார். "தம்பி எப்ப வருவான்னு கேட்டுட்டே இருக்கார் சார்." எப்படியாவது வந்துவிடுவேன் என்று சொல்லச் சொன்னேன். நேரே பஸ் நிலையத்துக்குப் போனேன். ஓட்டுநர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "கடைசி நீளச் சீட்டுக்குப் போங்க அண்ணே, கால் நீட்டிக்கலாம்" என்றார். அங்கே யாரும் என்னை அளக்கவில்லை.

அயோவாவைத் தாண்டும்போது போன் சிணுங்கியது. 'ஆர்விட், டூசானுக்கு நல்வரவு! பயணம் சுகமாக இருந்ததா? உங்கள் கார் தயார்.' வெளியே பனி வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் சூடு போட்டிருந்தார்கள். எனக்குக் கோட்டைக் கழற்றத் தோன்றவில்லை. யாருக்கு வந்த சேதி இது, எனக்கா அவனுக்கா என்று வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போன் உயிரை விட்டது. சார்ஜர் இருந்தது நான் சரக்கில் போட்ட பெட்டியில், அது இறங்காமல் அவனோடு போயிருந்தது.

கன்சாஸ், ஓக்லஹோமா, டெக்ஸாஸின் தலை, பிறகு பாலைவனம். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் நின்றேன். ரொட்டியில் கை வைக்கவில்லை. அது லென்னார்டுக்கு.

போய்ச் சேர்ந்தபோது டூசானில் நல்ல வெயில். ஆஸ்பத்திரி வாசலில் என் பெயரைச் சொன்னதும் மரிசேலா வந்தார். என்னைப் பார்த்தார். என் பின்னால் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க... இன்னொரு தம்பியா சார்?"

"அவனுக்கு நான் ஒருத்தன்தாம்மா தம்பி."

அவர் என்னைக் கூட்டிப்போய் அந்த அறை வாசலில் நிறுத்தினார். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். கேட்க வேண்டியதே இல்லை.

"அன்னிக்கே சாயங்காலம் போயிட்டார்" என்றார் மரிசேலா. "கார் டிரைவர் வந்து, மிஸ்டர் டோலஃப்சன் வந்திருக்கார்னு சொல்லி, கதவைத் திறந்து பிடிச்சார். பெட்டியை உள்ள வெச்சார். முதல் வகுப்புக்காரங்களை முகத்துக்கு நேரா பார்க்கக் கூடாதாம், அது அவங்க கம்பெனி மரியாதையாம். நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். உங்க அண்ணன் பேசுற சத்தம் கேட்டுது. ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடியாதவர் சார், விடாம பேசினார், சிரிச்சார். சரி, தம்பி வந்துட்டார்னு நானும் தொந்தரவு பண்ணல. அப்புறம் மருந்து கொடுக்க வந்தேன். ரூம்ல அவரைத் தவிர யாரும் இல்ல. அந்த நாற்காலி மட்டும் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது. அவரால அதை இழுத்திருக்க முடியாது சார். கையைத் தூக்கவே அவருக்குத் தெம்பு இல்ல."

"ஏதாவது சொன்னானா?"

மரிசேலா கதவைப் பாதி சாத்திவிட்டுச் சொன்னார்.

"சந்தோஷமாத்தான் இருந்தார். 'என் தம்பி வந்துட்டான், பார்த்தீங்களா' ன்னார். அப்புறம் கண்ல தண்ணி வெச்சுட்டு, 'ரொம்ப இளைச்சுப் போயிட்டான், பாவம். ஒண்ணுமே இல்லாமப் போயிட்டான். யாராவது அவனுக்குச் சாப்பிடக் கொடுங்க' ன்னார். அதான் சார் கடைசி."

அவர் என்னைத் தனியாக விட்டுப் போனார். நாற்காலி கட்டிலை ஒட்டி அப்படியே கிடந்தது. கை இல்லாதது. நல்ல அகலம். லென்னார்ட் சண்டை போட்டது வீண் போகவில்லை. எனக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நாற்காலியில் பயமில்லாமல், முழுசாக உட்காரலாம்.

நான் பாதியில்தான் உட்கார்ந்தேன். ஓரமாக ஒண்டி, ஒரு தொடை வெளியே தொங்க, மற்ற பாதியை விட்டுவைத்தேன். பையைத் திறந்து, ஒரு ரொட்டியை எடுத்து, காய்ந்த ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, அந்தப் பாதியில் வைத்தேன்.

"சாப்பிடு" என்றேன்.